விடுதலை என்னும் பெயரால்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பொன்னிற நத்தைகள் இரண்டு வளர்கின்றன. எலுமிச்சை அளவு பெருத்தபின், நீர்மட்டத்திற்கு மேலே முட்டைக் கொத்துகளை ஒட்டிவைக்கத் தொடங்கின. "பாவம், அடையாற்றில் விட்டுவிடுவோம், சுதந்திரமாய் வாழட்டும்" என்றாள் மகள்.

பேசியது இரக்கமே. ஆயினும் இரக்கத்திற்கும் கண்கள் வேண்டும். பொமேசியா என்னும் இப்பேரினத்தைச் சேர்ந்த நத்தையொன்றைத் தென்னமெரிக்காவிலிருந்து தைவானுக்கு 1980-ஆம் ஆண்டையொட்டி உணவுக்கென்று கொண்டுசென்றனர். விலைபோகாமல் கைவிடப்பட்ட அவை வயல்களில் புகுந்தன. காலப்போக்கில் ஆசிய நாடுகள் பலவற்றில் இளநாற்றுகளைத் தின்றழித்தன. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பேரினத்தையே தடைசெய்தது. நம் வயல் நத்தையோ நத்தைகுத்தி நாரைக்கு இரையாகித் தன் மண்ணில் தன் அளவோடு வாழ்வது.

ஆகவே முட்டைகளை அவ்வப்போது சுரண்டி நசுக்குகிறேன். "இது கொடுமை இல்லையா?" என்றாள் மகள். கொடுமைதான். ஆனால் அதன் வேர் இந்த நசுக்கலில் இல்லை. முடிவை எண்ணாது அவற்றை விலைக்கு வாங்கிய நாளில் இருக்கிறது. ஆற்றில் விடுவதால் விடுதலை பெறுவது நத்தையன்று, நாம்தான். நம் சுமை முகமறியா உழவன் தோளுக்கு மாறுகிறது. ஏற்றுக்கொண்ட உயிரை இறுதிவரை காப்பதே அன்பின் கடன். தொட்டி நீரை இன்றும் மாற்றினேன்.