சைக்கிள் தைனமோவும் கைத்தொலைபேசியும்



வீடு சந்திக்கச் செல்லும் குருவிடம் பெற்றோர் இந்நாட்களில் கேட்கும் முதற் கேள்வி எதுவென்றால், அதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். "சுவாமி, இந்தப் போன் பிள்ளையளின்ரை மூளையைப் பழுதாக்கிப்போடுமோ?" எனக்கு முந்திய குருக்களிடம், மகனைக் குருமடத்துக்கு அனுப்பலாமா, மகளுக்கு வந்த சம்பந்தம் பொருந்துமா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். இப்போது இதுதான் கேள்வி. கேட்கும் தாயின் கையிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கும். தகப்பன் விறாந்தையில் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை நான் சுட்டிக்காட்டுவதில்லை. என் அங்கிப் பையிலும் ஒன்று இருக்கிறது.

அறிஞரிடமிருந்து தெளிவான விடை கிடைத்திருந்தால், அதைச் சொல்லிவிட்டுத் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு வந்திருப்பேன். அப்படியொரு விடை இல்லை. 2019இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஓர்பன், அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்னும் இருவர் மூன்றரை இலட்சம் இளையோரைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தனர். இளையோரின் மனநலத்தில் காணப்படும் வேறுபாடுகளில் ஆகக்கூடியது 0.4 சதவீதத்தையே இத்தகைய கருவிகளின் பாவனையோடு தொடர்புபடுத்தலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் 2024இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜொனதன் ஹைட் வெளியிட்ட நூலோ, 2010க்குப் பின் வந்த ஆண்டுகளில் இளையோரிடம் மனச்சோர்வும் பதகளிப்பும் பெருகியதற்கு இக்கருவியே பிரதான காரணம் என்று வாதிடுகிறது. அவர் காட்டுவது ஒரே காலத்தில் நிகழ்ந்த இரண்டு காரியங்களையே அன்றி, ஒன்றினால் மற்றது விளைந்தது என்பதை அல்ல என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கின்றனர்.

ஆகவே மூளையைப் பற்றி அடித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் நாம் கேட்கும் கேள்வியே சற்றுக் குறுகியதோ என்று எனக்குப் படுகிறது. பிள்ளையின் தலைக்குள் என்ன போகிறது என்று கேட்கிறோம். பிள்ளைக்கும் எங்களுக்கும் இடையிலிருந்து என்ன போய்விட்டது என்று கேட்பதில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். 1990இல் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து 1995இல் ஊரை விட்டுப் புறப்படும் வரை ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய், மேலே ஒரு திரி. ரோர்ச் பற்றரிகூடத் தடை செய்யப்பட்ட பொருளாயிருந்தது. றேடியோ கேட்பதற்குச் சைக்கிள்தான் வழி. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் தைனமோவை முட்டவிட்டு, அதிலிருந்து வயரை இழுத்து றேடியோவில் கொழுவ வேண்டும். பிறகு ஒருவன் பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் குரல் தேய்ந்து போகும்; கூடினால் கரகரக்கும். இரவில் இலண்டன் தமிழோசையின் நேரம் வந்ததும் எங்கள் முற்றத்தில் பதினைந்து இருபது பேர் கூடிவிடுவார்கள். எல்லை வேலி விடயமாக எங்களோடு பேச்சுப் பறைச்சல் இல்லாதிருந்த அயலவர் ஒருவரும் வருவார். உள்ளே வரமாட்டார். படலையடியில் நின்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் மழை தூறியபோது, அம்மா யாரையும் பாராமல், "நனையாமல் உள்ளுக்கு வந்து நிண்டு கேட்கலாம்" என்று பொதுவாகச் சொன்னார். அவர் வந்தார். வேலி வழக்கு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அடுத்த நாள் முதல் அவருக்கும் ஒரு பலகைக் கட்டை போடப்பட்டது.

பெடல் சுற்றுவது எங்களைப் போன்ற பொடியன்களின் வேலை. சுற்றுகிறவனுக்குச் சில்லின் இரைச்சலில் பாதிச் செய்தி கேட்காது. முடிந்த பிறகு பெரியவர்கள் மீதியைச் சொல்லித் தரவேண்டும். சொல்லித் தந்தார்கள், சொல்லும்போது தர்க்கித்தார்கள், ஒரே செய்தியை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருந்தார்கள்.

அது நல்ல காலம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். குண்டு விழுந்த காலம் அது. அந்த முற்றத்தில் இருந்தவர்களில் சிலர் இன்றில்லை. பிள்ளைகள் தைனமோ சுற்றும் நிலை மீண்டும் வரக்கூடாது. நான் சொல்ல வருவது வேறு. றேடியோவும் ஒரு பொறிதான். இலண்டனிலிருந்து ஆகாய வழியாக வந்த குரல்தான். ஆயினும் அது எங்களைப் பிரிக்கவில்லை. காரணம், அதைக் கேட்பதற்கு ஒருவருக்கு மற்றவர் வேண்டியிருந்தது.

ஆகவே பொறி வந்ததால் மனிதர் பிரிந்தனர் என்பது முழு உண்மையன்று. எங்கள் மூத்தோர் சொல்வார்கள்: 1980களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் விடிய விடியப் படம் போடுவார்களாம். பாய் கொண்டுவந்தவர்கள் எத்தனை, படம் முடியுமுன் நித்திரையானவர்கள் எத்தனை! அப்போது ஒழுங்கைக்கு ஒரு பெட்டி. பின்னர் வீட்டுக்கு ஒரு பெட்டி. இப்போது கைக்கு ஒன்று. ஒவ்வொரு படியிலும் வசதி கூடியது. ஒவ்வொரு படியிலும் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய தேவை குறைந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. கனடாவில் பள்ளத்தாக்கொன்றில் அமைந்திருந்த ஒரு சிறு நகரத்துக்கு 1973 வரை தொலைக்காட்சி அலை எட்டவில்லை. பெட்டி வருமுன்னரும், வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரும், தனிஸ் மக்பெத் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்கு சென்று மக்களைக் கவனித்தார்கள். 1986இல் நூலாக வந்த அந்த ஆய்வின்படி, ஊர்ப் பொதுக் காரியங்களுக்கு வருவோர் தொகை வீழ்ந்தது. பிள்ளைகளின் கற்பனைத் திறன் முன்பு அயல் நகரங்களின் பிள்ளைகளை விட மேலாயிருந்து, பிறகு அவர்களுடைய மட்டத்துக்கு இறங்கியது. விளையாட்டு மைதானத்தில் அடிபிடியும் கூடியது. தொலைக்காட்சி யாரையும் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. வெளியே போகாமலிருக்க நல்லதொரு சாட்டைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

"மனம் அலைவது மனித இயல்பு, கருவியைக் குறை சொல்லிப் பயனென்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புனித அகுஸ்தீனாரே தம் ஆன்ம வரலாற்றின் பத்தாம் புத்தகத்தில் இதை ஒப்புக்கொள்கிறார். வயலில் நாய் முயலைத் துரத்துவதைக் கண்டால் தம் ஆழ்ந்த சிந்தனையும் அதன் பின்னே ஓடிவிடுகிறதாம். வீட்டில் இருக்கும்போது, பல்லி ஈ பிடிப்பதை வாய்பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறாராம். அவரோ ஆயர், மேதை! பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன், ஒரு பல்லி அவருக்குப் போதுமாயிருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பல்லி தன் வயிற்றுக்காக ஈ பிடித்தது. ஆயரின் பார்வையை இன்னும் அரைமணி நேரம் சுவரிலே நிறுத்த வேண்டுமென்று அதற்கு எந்த நோக்கமும் இல்லை. எங்கள் கையிலுள்ள கருவிக்கு அந்த நோக்கம் உண்டு. முடிவில்லாமல் கீழே கீழே உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை 2006இல் அமைத்தவர் ஏசா ரஸ்கின் என்பவர். அதற்காகப் பின்னாளில் அவரே வருத்தம் தெரிவித்தார். பேஸ்புக் நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்த ஷோன் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக எடுக்கலாம் என்பதே தொடக்கத்தில் தங்களுடைய சிந்தனையாயிருந்தது என்று 2017இல் பகிரங்கமாகச் சொன்னார். எங்கள் கவனத்தை விளம்பரகாரருக்கு விற்றே இந்நிறுவனங்கள் பெரும்பாலும் சம்பாதிக்கின்றன. அப்படி விற்கப்படும் கவனம் வானத்திலிருந்து வந்ததல்ல. பக்கத்திலே இருக்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் பங்கிலே ஒரு வயோதிப அம்மா இருக்கிறார். மூன்று பிள்ளைகள், மூன்று நாடுகள். போர்க்காலத்தில் அவர்களுடைய கடிதம் மாதக்கணக்கில் வரும், வராமலும் போகும். இன்று பேரப்பிள்ளைக்கு முதற் பல் முளைத்ததை வட்ஸ்அப்பிலே அன்றே பார்த்துவிடுகிறார். அவரிடம் சென்று இக்கருவி தீயதென்று பிரசங்கிக்க எந்தக் குருவுக்கும் நா எழாது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஏடு, அவற்றை வியத்தகு கண்டுபிடிப்புகளின் வரிசையில் வைத்துத்தான் தொடங்குகிறது.

ஆனால் அதே அம்மா என்னிடம் சொன்னார்: "முந்தி கடிதம் வந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து வாசிச்சுக் காட்டும் சுவாமி. வந்தால் இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகும். இப்ப எனக்கு ஒருதரும் வாசிக்கத் தேவையில்லைத்தானே." கண் மங்கிய தமக்குப் பெரிய எழுத்தும் பேசும் குரலும் வந்துவிட்டதைப் பெருமையோடுதான் சொன்னார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வருவதற்கு ஒரு காரணம் இல்லாமற் போனதையும் அதே மூச்சில் சொன்னார்.

அடுப்புக்கு நெருப்பு வாங்க, ஒரு சுண்டு சீனி கைமாற, நேரம் கேட்க, கடிதம் வாசிக்க என்று எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு நடந்த பாதைகள் யாவும் தேவையினால் போடப்பட்டவை. தேவைக்காக வருவது அன்பாகுமா என்று சிலர் கேட்கலாம். அரிஸ்தோத்தில் நட்பை மூவகையாக வகுத்தபோது, பயன் கருதிய நட்பைக் குறைபாடுள்ளதாகவே கொண்டார். பயன் தீர்ந்ததும் அது கலைந்துவிடும் என்றார். குருமடத்தில் அதைப் படித்தபோது எனக்கும் சரியாகவே தோன்றியது. பங்குகளில் ஊழியம் செய்தபின் சற்றுத் தயங்குகிறேன். சீனி கைமாற வந்தவள்தான், வீட்டுக்காரி நோயாய்க் கிடந்தபோது இரவு முழுவதும் கண்விழித்திருந்தாள். சும்மா வருகிறேன் என்று தொடங்கியிருந்தால் அவள் ஒருநாளும் வந்திருக்கமாட்டாள், வெட்கப்பட்டிருப்பாள். ஒருவரையொருவர் அறிவதற்கு முன் இருவரும் சேர்ந்து உப்புத் தின்றிருக்க வேண்டும் என்று ஒரு பழமொழியை அந்தத் தத்துவ ஞானியே எடுத்துச் சொல்கிறார். எங்களிடமும் உப்பிட்டவரை நினைக்கும் பழமொழி உண்டு. உப்புக்கு நேரம் வேண்டும், ஒரே சட்டியும் வேண்டும்.

பெற்றோருக்கு நான் கொடுக்கும் பதிலும் இதை ஒட்டியதுதான். அவர்களுக்கு அது திருப்தி தருவதில்லை. பத்து வயதில் ஒரு முற்றம் முழுவதற்கும் நான் தேவைப்பட்டேன். நான் பெடலை நிறுத்தினால் இருபது பேருக்குச் செய்தி நின்றுவிடும். உங்கள் பத்து வயதுப் பிள்ளை இன்று வீட்டிலே யாருக்குத் தேவைப்படுகிறான்? தண்ணீர் குழாயில் வருகிறது, சாமான் வீட்டு வாசலுக்கு வருகிறது, ரியூசன் ஆசிரியரும் திரையிலே வருகிறார். "நீ படி, அது போதும்" என்கிறோம். யாருக்கும் தேவைப்படாத பிள்ளை, தன்னை ஒவ்வொரு நிமிடமும் கூப்பிடும் ஒரு கருவியிடம் போகாமல் வேறெங்கே போவான்? அதைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். பூட்டியபின் அவனிடம் என்ன வேலை கேட்கப்போகிறீர்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் பூட்டுங்கள்.

இவ்வளவும் எழுதும் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே அம்மா ஒரு பின்னேரம், 1995 இடப்பெயர்வில் தம் கணவரை இழந்த இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அதுவரை அதைப்பற்றி அவர் வாய் திறந்ததில்லை. பாலத்தடிச் சனநெரிசலில் கை விட்டுப் போனது என்பது வரை வந்துவிட்டார். என் பையிலிருந்த கைத்தொலைபேசி அதிர்ந்தது. நான் அதை எடுக்கவில்லை. கை மட்டும் தன்பாட்டில் பைப் பக்கம் போய் வந்தது. அவர் நிறுத்திவிட்டார். "பாருங்கோ சுவாமி, ஆரேன் அவசரமா எடுத்திருப்பினம்" என்றார். பார்த்தேன். யாரோ அனுப்பிய பூப்படம், கீழே இனிய மாலை வணக்கம். "சொல்லுங்கோ அம்மா" என்றேன். "அது பழைய கதை. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார்.

அதன்பின் இரண்டு தடவை போனேன். கைத்தொலைபேசியை அறைவீட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். தேங்காய் விலையைப் பற்றியும், கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாவதைப் பற்றியும், பேரப்பிள்ளையின் பல்லைப் பற்றியும் கதைத்தோம். அந்த இரவுக் கதையை அவர் மீண்டும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வருகிற முதல் வெள்ளிக்கு அவருக்கு நற்கருணை கொண்டுபோக வேண்டும். அன்று அந்த ஒழுங்கையில் மற்ற நோயாளரையெல்லாம் முதலில் பார்த்துவிட்டு, அவர் வீட்டைக் கடைசியாக வைத்திருக்கிறேன்.