கொடுமுடியும் கொடுத்த சொல்லும்

காண்பார் எவருமில்லாத இடத்தில் ஒருவனை நெறியில் நிறுத்துவது யாது? இவ்வினாவை ஆராய்தற்கு இமயத்துக் கஞ்சன்ஜங்கா மலையில் நிகழ்ந்ததொன்று பெரிதும் உதவும்.

அம்மலை 8,586 மீற்றர் உயரமுடையது. உலகின் மலைகளுள் உயரத்தால் மூன்றாவது. சிக்கிம் மக்கள் அதனைத் தெய்வம் உறையும் இடமாகப் போற்றுவர். 1955ஆம் ஆண்டு சாள்ஸ் எவன்ஸ் என்பாரின் தலைமையில் நேபாளப் பக்கமாக ஏறப்புகுந்த பிரித்தானியக் குழுவினர், உச்சியை மிதிப்பதில்லையென்று சிக்கிம் அரசுக்கு வாக்களித்திருந்தனர். மே 25ஆம் நாள் ஜோர்ஜ் பாண்ட், ஜோ பிறவுண் என்னும் இருவர், பனிச்சரிவுகளையும் இறுதியிற் செங்குத்தான பாறை வெடிப்பொன்றையும் கடந்து மேலேறினர். அவர் நின்ற இடத்தினின்றும் உச்சி ஏறக்குறைய 5 அடியே உயர்ந்திருந்தது. அதற்குமுன் அவ்வுச்சியை எட்டினார் ஒருவருமிலர். எனினும் அவர் அவ்விடத்தே நின்று திரும்பினர். மறுநாட் சென்ற இருவரும் அங்ஙனமே செய்தனர்.

இதனை வகுப்பிற் கூறியபோது மாணாக்கனொருவன், "ஐயா, ஏறியிருந்தாற் கண்டவர் யார்?" என்று வினாவினான். யாம் உடனே விடைகூற இயலாது நின்றோம். கண்டால் தண்டனை என்பதையன்றி வேறெதனை இச்சிறுவனுக்கு இதுகாறும் கற்பித்தோம் என்று எம்முள்ளமே எம்மைக் கேட்டது. பின்னர், "ஏறியவன் கண்டிருப்பான், தம்பி" என்றோம்.

அம்மலையைத் தெய்வமெனக் கொள்ளும் மரபில் வாராதார் அதற்காக ஏன் நிற்றல்வேண்டும் எனச் சிலர் தடைகூறுவர். நம்பிக்கை பிறருடையதாயினும் சொல் தம்முடையதன்றோ? சொல்லைக் காப்பதற்கு அது தம் வாயினின்றும் பிறந்தமையே போதிய காரணமாம். ஐந்தடி அற்பமன்றோ என்பாருமுளர். அற்பமென்று தோன்றுமிடத்தேதான் மனம் வழுவுதற்கு வழிதேடும். ஆதலின் அவ்விடமே சோதனைக்குரிய இடமாகும்.

உபாத்தியாயர்களாகிய நாம் இதனை மாணாக்கர்க்குப் போதித்தல் எளிது. ஆயின், திங்கட்கிழமை கொப்பிகளைத் திருத்தித் தருவோமென்று கூறித் தாராதொழிந்த நாட்கள் எமக்கும் உண்டு. கேட்பாரில்லை, பிள்ளைகள் வாய்திறவார், ஆயினும் மறவார். அவர்க்கு வாய்மையைக் கற்பிக்கும் முதற்பாடம் அக்கொப்பிக் கட்டேயாம்.