உழைத்த உயிருக்கு நமது கடன்

உழைக்கும்வரை ஓர் உயிரைப் பேணுவதும், வலு ஒழிந்தபின் அதன் உடலையும் விலையாக்குவதும் நியாயமாகுமா? குதிரை இறைச்சியின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

பிரான்சில் 1866ஆம் ஆண்டு குதிரை இறைச்சிக் கடைகளுக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. அதற்காகப் பாடுபட்டோருள் எமில் டெக்குருவா என்ற இராணுவ மிருக வைத்தியரும் ஒருவர். அவர் ஈரமற்றவரல்லர். வறியோருக்கு மலிவாக இறைச்சி கிடைக்கும்; கிழக்குதிரைக்கும் ஒரு விலை உண்டானால், உடையவன் அதனைச் சாகும்வரை வண்டியிற் பூட்டி வதைக்கமாட்டான். இதுவே அத்தரப்பினரின் வாதம். உழைப்பாளியின் கைக்கு ஏன் தேய்ந்த குதிரையின் இறைச்சியே எட்டுகின்றது என்ற வினா அவ்வாதத்தில் இடம்பெறவில்லை.

அமெரிக்காவில் இரக்கம் வேறு வழியிற் சென்றது. நெவாடா மாநிலத்தில் காரியதரிசியாக வேலைபார்த்த வெல்மா ஜோன்ஸ்ரன், 1950இல் இரத்தம் ஒழுகச் சென்ற ஒரு வாகனத்தைக் கண்டார். கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட காட்டுக் குதிரைகள் அதில் இருந்தன. அவர் தொடங்கிய இயக்கத்துக்குப் பள்ளிச் சிறுவர்களின் கடிதங்கள் வலுவூட்டின. 1959இல், பொது நிலங்களில் விமானத்தாலும் மோட்டார் வாகனத்தாலும் அக்குதிரைகளைத் துரத்திப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. 1971இல் அவற்றைக் காக்கும் சட்டம் பிறந்தது. சாதாரண மக்களின் மனச்சாட்சி சட்டமாக முடியும் என்பதற்கு இது சான்று.

2007இல், டெக்சாசில் இரண்டும் இலினோயில் ஒன்றுமாக அந்நாட்டில் எஞ்சியிருந்த குதிரைக் கொலைக்களங்கள் மூடப்பட்டன. அவை ஐரோப்பிய முதலாளிகளுக்கு உரியவை. இறைச்சி கடல்கடந்து சென்றது. துர்நாற்றமும் கழிவும் அயலில் வாழ்ந்த எளிய மக்களின் பங்காயின.

ஆனால், 2010இல் ஏறத்தாழ 138,000 குதிரைகள் கொலைக்காக மெக்சிக்கோவுக்கும் கனடாவுக்கும் அனுப்பப்பட்டன என்று அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு நிறுவனம் 2011இல் அறிவித்தது. கொலைத்தொகை குறையவில்லை, பயணத் துன்பமே நீண்டது. கதவை மூடியவர்கள், குதிரையின் முதுமைக்குத் தீனி போடுவது யார் என்று தீர்மானிக்கவில்லை. எனவே வாணிபம் எல்லை தாண்டிற்று.

மாட்டை உண்போர் குதிரைக்காகக் கண்ணீர் விடுவது போலித்தனமல்லவா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. எனினும், ஒரு கொடுமையைக் காட்டி மற்றொரு கொடுமையை மன்னிக்க முடியாது. குதிரையிடம் பிறந்த இரக்கம் பிற உயிர்களுக்கும் விரிய வேண்டும் என்பதே அதற்குரிய மறுமொழி.

பெர்டினான்ட் என்ற குதிரை 1986இல் கென்ரக்கி டேர்பிப் பந்தயத்தில் வென்றது. தன் வாழ்நாளில் ஏறத்தாழ 38 இலட்சம் டொலர் ஈட்டித் தந்தது. அதுவே 2002இல் யப்பானில் கொலைக்களத்தில் மடிந்தது. அந்த இலாபத்தில் ஒரு சிறு பங்கு அதன் முதுமைக்கென ஒதுக்கப்பட்டிருந்தால் அந்த முடிவு நேர்ந்திராது.

தொழிலாளிக்கு ஓய்வூதியமும் சேமலாப நிதியும் முதலாளியின் கருணையாற் கிடைத்தவையல்ல; போராடிப் பெற்றவை. குதிரைக்குச் சங்கமில்லை, அது வேலைநிறுத்தம் செய்யாது. ஆதலால், உழைப்பின் பயனைக் கொண்டவனே உழைத்த உயிரின் முதுமைச் செலவையும் ஏற்கவேண்டும் என்ற கோரிக்கையை அதன் சார்பில் நாமே எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.