பயணியிடம் என்ன கேட்பது?

பல நாடுகளைத் தரைவழியே கடக்கப் புறப்படுகிறவருக்குப் பாதையைவிடப் பெருஞ்சிக்கல் விசாக்களின் வரிசை. ட்ரான்சிட் விசா தரும் நாடு, அடுத்த நாட்டின் விசாவை முதலில் காட்டச் சொல்கிறது. 2000களில் ஈரானிலிருந்து துர்க்மெனிஸ்தானைக் கடந்து புகாராவுக்கும் சமர்கந்துக்கும் போனவர்கள், உஸ்பெகிஸ்தான் விசாவை முன்கூட்டியே எடுத்து, அதைக் காட்டித்தான் துர்க்மெனிஸ்தானின் ஐந்து நாள் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். போகும் திசை ஒன்று. அனுமதி தேடும் திசை அதற்கு எதிர். ஒன்றுக்காகக் காத்திருக்கையில் இன்னொன்றின் தவணை முடிந்துபோவதும் உண்டு.

இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர் தூதராலயங்கள் பலவற்றில் ஒரே வினாவைச் சந்திக்கிறார்: நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? வங்கிக் கூற்று, தொழில் தருநரின் கடிதம், காணி உறுதி எல்லாம் அதற்கான சாட்சிகள். 1952ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இதை ஒளிக்காமலே சொல்கிறது. சுற்றுலா விசா கேட்பவர், தாம் குடியேற வரவில்லை என்று நிறுவும்வரை குடியேற வந்தவராகவே கொள்ளப்படுவார்.

அந்தக் காலத்தில் இந்தத் தடைகளெல்லாம் இருந்தனவா என்று பெருமூச்சு விடுவோர் நம்மிடையே பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1326இல் எகிப்திலிருந்து ஷாமுக்குப் போன இப்னு பதூதா, கத்யா என்ற இடத்தை அனுமதிப் பத்திரமின்றி எவரும் கடக்க முடியாதென்று எழுதிவைத்திருக்கிறார். ஒற்றர்களைப் பற்றிய அச்சமும் அதற்கு ஒரு காரணம். 1344இல் அவர் புத்தளக் கரையில் இறங்கியபோதும் விசாரணை நடந்தது. மஃபர் சுல்தானின் உறவினர் என்பது அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் ஆரியச் சக்கரவர்த்தி அடுத்துக் கேட்டது, உமக்கு என்ன வேண்டும் என்பதையே. பாவா ஆதம் மலையை ஸியாரத் செய்ய வேண்டும் என்றார். பல்லக்கும் வழித்துணையும் கிடைத்தன.

ஆகவே அனுமதி கேட்பதே அநீதி என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்குக் கதவு இருப்பதுபோல நாட்டுக்கும் இருக்கலாம். என் கேள்வி வேறு. வந்தவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று விசாரிப்பதும், அவர் பொய்யர் என்று வைத்துக்கொண்டு விசாரிப்பதும் ஒன்றா? முன்னதற்கு மனிதர் பதில் சொல்லலாம். பின்னதில் அவர் வாய் திறக்குமுன்பே அவர் பிறந்த நாட்டின் வறுமையும் யுத்தமும் அவருக்கெதிராகப் பேசிவிடுகின்றன. ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைப் பொறுப்பாக்காத குர்ஆனிய நீதியோடு இது எப்படிப் பொருந்தும்?

அந்நியருக்குத் தரும் பாதுகாப்பை நம் பிக்ஹ் நூல்கள் ‘அமான்’ என்றன. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரழி) என்ற ஒரு பெண்மணி கொடுத்த அமானை நபி (ஸல்) அவர்கள் அங்கீகரித்தார்கள். ஸகாத் பெறும் எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் செல்வந்தராயினும், வழியில் கைப்பொருள் இழந்தவர் அதைப் பெறலாம் என்பது அறிஞர்களின் விளக்கம். அங்கே பார்க்கப்படுவது அவர் விட்டுவந்த சொத்தல்ல, வழியில் அவருக்கு நேர்ந்த தேவை. இன்று முஸ்லிம் நாடுகளின் தூதராலயங்களிலும் வங்கிக் கூற்றுத்தான் முதலில் பேசுகிறது.

நாமும் இதற்குப் புறம்பானவர்களல்லர். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரைக்குப் படகில் வந்த ரோஹிங்கியர்களிடம் விசா இருக்கவில்லை. அத்தகையோரிடம் நாம் முதலில் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே, தூதராலய வரிசையில் நின்று நாம் சொல்லும் முறைப்பாட்டுக்கு நியாயம் இருக்கும்.