தேரையும் வண்ணத்துப்பூச்சியும்



சர்வேசுரன் படைத்த இரண்டு சிற்றுயிர்களின் சரித்திரத்தை இன்று தியானிப்போம். ஒன்று போனது போனதே; மற்றொன்று போய்த் திரும்பி வந்தது.

முதலாவது, பொன் தேரை. நடு அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா தேசத்து மொந்தெவெர்தே மலைக்காட்டில் மட்டுமே அது வாழ்ந்தது. ஆண் தேரை இரண்டு அங்குல நீளம். உடல் முழுவதும் செம்பொன் நிறம். 1987-ம் வருஷம் மழைக் குட்டைகளில் 1,500-க்கு மேல் கூடியிருக்கக் கண்டார்கள். மறு வருஷம் பத்தே பத்து. 1989-ல் ஒன்றே ஒன்று. பிறகு எவரும் கண்டதில்லை. வறட்சியும், தோலைப் பற்றும் ஒரு பூஞ்சண நோயும் காரணமென்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாவது, இங்கிலாந்தின் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி. அதன் புழுவை ஒருவகைச் செவ்வெறும்பு தன் குஞ்சென்று எண்ணிப் புற்றுக்குள் தூக்கிச் செல்லும். அங்கேதான் அது வளரும். பூச்சி குறைந்து வருவதைக் கண்டவர்கள், பிடிப்போரைத் தடுக்க ஓரிடத்தில் வேலி போட்டார்கள். அங்கும் அது அழிந்தது. 1979-ல் அந்நாட்டிலிருந்தே மறைந்தது.

காரணம் என்ன? ஜெரமி தாமஸ் என்ற விஞ்ஞானி பல வருஷம் புல்வெளிகளிலேயே கிடந்து கண்டுபிடித்தார். ஆடுமாடும் முயலும் மேயாத இடத்தில் புல் உயர்ந்தது; நிழல் விழுந்து மண் குளிர்ந்தது; வெயில்பட்ட மண்ணை நாடும் அந்த எறும்பு அற்றுப்போயிற்று. வேலி, கள்வரோடு மாடுகளையும் தடுத்துவிட்டது! பிறகு புல்லை மேயவிட்டு, 1983-ல் சுவீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்தார்கள். இன்று அப்பூச்சி அங்கே மறுபடியும் பறக்கிறது.

வேலி போட்டவர்கள் கெட்டவர்களா? இல்லை. அன்பு இருந்தது; அறிந்துகொள்ளும் பொறுமைதான் இல்லை.

பெற்றோரே, பிள்ளைக்கு நாமும் வேலி போடுகிறோம்: அங்கே போகாதே, அவனோடு சேராதே. நல்லதே. ஆனால் அந்தப் பிள்ளையின் மனம் எதனால் வாழ்கிறதென்று பார்த்தோமா? வயதான தாய்க்குச் சோறும் மருந்தும் தருகிறோம்; பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்கிறோமா?

சிறு குருவியையும் பரம பிதா மறப்பதில்லை என்று நம் ஆண்டவர் போதித்தார். மறவாதிருப்பதே அன்பு. பொன் தேரை இரண்டே வருஷத்தில் போயிற்று. தவணை நம் கையில் இல்லை.

ஆகையால் இன்று பூசை முடிந்து வீடு சேர்ந்ததும், உங்கள் வீட்டில் அதிகம் பேசாத ஒருவர் அருகே சற்று நேரம் உட்காருங்கள். வாசலில் தேரையைக் கண்டால் கல்லெறிய வேண்டாமென்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அதையும் உண்டாக்கியவர் அவரே.

ஆமென்.