மூணாவது வீட்டு அம்மாவும் கார்த்திகைப் பெண்களும்

வேலும் மயிலும் துணை.



போன கிருத்திகை அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். கோவில்பட்டியில எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல காலையில இருந்தே வேல் படமும் கழுகுமலை மயில் படமும் குவிஞ்சுக்கிட்டே இருந்தது. நானும் போட்டேன். நடுவுல ஒரு அக்கா, "அம்மாவுக்குத் தலை சுத்துது, யாராவது ஆட்டோ கூப்பிடுங்க"ன்னு போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழேயும் வரிசையா "அரோகரா". நான் பார்த்தப்போ ஒண்ணரை மணி நேரம் ஆகியிருந்தது. அவங்க எங்களுக்கு மூணாவது வீடு. முருகன் புண்ணியத்துல அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா சாயங்காலம் விளக்கு ஏத்தும்போது எனக்குக் கை நடுங்கிருச்சு.

கிருத்திகை விரதம் யாரை நினைச்சு இருக்கோம்? சரவணப் பொய்கையில ஆறு குழந்தைகள் தாமரை மேல கிடந்தப்போ, பால் கொடுத்தவங்க கார்த்திகைப் பெண்கள். யார் வீட்டுப் பிள்ளைன்னு அவங்க பார்க்கல. அழுத பிள்ளையைத் தூக்கிக்கிட்டாங்க. அதனாலதான் நம்ம அப்பனுக்குக் கார்த்திகேயன்னு பேர். அப்புறம் அம்மை வந்து ஆறையும் சேர்த்து அணைச்சா. ஒரே கந்தன் ஆனான். நம்ம சாமியே ஊரார் ஊட்டி வளர்த்த பிள்ளைதான்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம மாவட்டம் மறக்குமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பேரோட ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிச்சு. பல ஊர்ல போன் டவரும் படுத்துருச்சு. குரூப் எதுவும் ஓடல. ஆனா பக்கத்துப் புதுக்குடி ஜனங்க, அவங்களே வெள்ளத்துல தவிச்ச நேரத்துலயும், வீட்டுல இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டாங்க. அந்த ஊர்த் தாய்மாரும் கார்த்திகைப் பெண்கள்தான்.

குரூப் வேண்டாம்னு சொல்லல. அது நல்ல வாசல். ஆனா வாசல்லயே நின்னுட்டா உள்ள இருக்கிறவங்க முகம் தெரியாது.

அதனால எங்க தெருவுல இப்போ ஒரு ஏற்பாடு. யாராவது உதவி கேட்டா, ஒருத்தர் "நான் போறேன்"னு சொல்ற வரைக்கும் வேற எந்தப் படமும் போடுறதில்ல. அதோட ஆளுக்கு ஆறு வீடு. தனியா இருக்கிற பெரியவங்க யாரு, போன் இல்லாதவங்க யாரு, எல்லாம் நேர்ல போய்த் தெரிஞ்சுக்கிட்டோம்.

இதைப் பதினோரு பேருக்கு அனுப்புங்கன்னு கேட்க மாட்டேன். வர்ற கிருத்திகைக்குள்ள ஆறு வீட்டுக் கதவைத் தட்டுங்க. ஆறுமுகம் அங்கதான் காத்திருக்கான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!