அபூஜந்தலின் விலங்கும் அந்தமான் கடலின் படகும்

2017-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஒரு நாள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுப் பாடத்தில் ஹுதைபிய்யா உடன்படிக்கையை நடத்திக்கொண்டிருந்தோம். நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசத்துக்குள் நுழையும் ரோஹிங்கியா மக்களின் படங்கள் நாளேடுகளில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த காலம் அது. காலில் விலங்கோடு அபூஜந்தல் (ரலி) வந்து விழும் கட்டத்தை நாம் அடைந்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார்.

“ஹஜ்ரத், உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டாகிவிட்டது என்பதற்காக அபூஜந்தலையே திருப்பி அனுப்பினார்கள். அப்படியானால், தென்கிழக்காசிய அரசுகள் ‘எங்களுக்குள்ளும் உடன்படிக்கை இருக்கிறது, பர்மாவின் வீட்டு விவகாரத்தில் தலையிட மாட்டோம்’ என்று சொல்லிப் படகுகளைத் திருப்பிவிட்டால், அதை நாம் எந்த நியாயத்தைக் கொண்டு குறை சொல்வது?”

“அது வேறு, இது வேறு” என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். விடை கைவசம் இல்லாத ஆசிரியர்கள் காலங்காலமாகக் கூறிவரும் சொல் அது. மாணவர் மரியாதையின் பொருட்டு அமர்ந்துகொண்டார். அவர் மனம் அமரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அன்று கொடுக்கத் தவறிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் நிகழ்ச்சியைக் குறைக்காமலும் மழுப்பாமலும் சொல்லிவிடுவோம். ஹிஜ்ரி 6, அதாவது கி.பி. 628. குறைஷியரின் தூதராக வந்தவர் சுஹைல் இப்னு அம்ர். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவர். மக்காவிலிருந்து தம் பொறுப்பாளரின் அனுமதியின்றி முஸ்லிம்களிடம் வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. எழுத்து முடியுமுன்பே, தந்தையின் சிறையிலிருந்து தப்பிய அவருடைய சொந்த மகன் அபூஜந்தல் விலங்கை இழுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். நபிகளார் (ஸல்) இவரை மட்டும் எனக்கு விட்டுத்தாருங்கள் என்று கேட்டார்கள், சுஹைல் இசையவில்லை. மகன் கதறக் கதறத் தந்தை இழுத்துச் சென்றார். உமர் (ரலி) அவர்கள் அந்த இளைஞரின் பக்கத்திலேயே நடந்து சென்றதையும், அன்று தம் உள்ளத்தில் எழுந்த கேள்விகளுக்காகப் பின்னர் நெடுநாள் வருந்தியதையும் வரலாற்றாசிரியர்கள் மறைக்காமல் எழுதிவைத்துள்ளனர். ஆகவே நம் மாணவரின் கேள்வி புதியதன்று. அது உமர் (ரலி) அவர்களின் நெஞ்சிலேயே எழுந்த கேள்வி.

இனி மறுபக்கத்தின் உடன்படிக்கை. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகள் 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் கூடி ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்தன. 1976 பிப்ரவரி 24 அன்று பாலித் தீவில் கையெழுத்தான நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கையில், ஒருவர் மற்றவரின் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாதிருத்தல் என்பதை அடிப்படை நெறியாக எழுதிக்கொண்டன. இந்நெறியை எள்ளி நகையாடுவோர் அதன் பிறப்பை அறியாதவர்கள். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவும் மலேசியாவும் ஒன்றையொன்று பகைத்து, போர்னியோக் காடுகளில் ஆயுதம் ஏந்தி மோதின. சபாவின் மீது பிலிப்பைன்ஸ் உரிமை கோரியது. அப்பால், வியட்நாமில் பெருநாடுகளின் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. பல்லாண்டு அந்நியராட்சியிலிருந்து மீண்டு வந்த நாடுகள், “எம் வீட்டு வாசலை எவரும் மிதிக்க வேண்டாம்” என்று கூறியதில் வியப்பில்லை. 1955-இல் பாண்டுங் நகரில் கூடிய 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளும் அதையே கூறின. அதற்கு முந்தைய ஆண்டு இந்தியாவும் சீனாவும் பஞ்சசீலத்தில் அதையே எழுதின. எழுதிய இருவரும் 1962-இல் போரிட்டது வேறு கதை. வலியவன் கை எளியவன் வீட்டுக்குள் நீளாதிருக்கக் கட்டிய வேலி என்ற அளவில் தலையிடாக் கொள்கை ஓர் அறமே என்று நாம் ஒப்புகிறோம்.

ஆயினும் அந்த வேலி யாருக்காக நின்றது என்று பார்த்தால் மனம் கசக்கிறது. பாலியில் கையெழுத்திடுவதற்குச் சரியாக 79 நாள்களுக்கு முன், 1975 டிசம்பர் 7 அன்று, விருந்தளித்த இந்தோனேசியாவின் படைகளே கிழக்குத் தைமூருக்குள் புகுந்திருந்தன. போர்ச்சுக்கீசியரிடமிருந்து விடுதலை பெற்றதாகத் தைமூர் மக்கள் அறிவித்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. கையெழுத்திட வந்த அண்டை நாட்டார் இதை ஒரு தடையாகக் கருதவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1999-இல் நடந்த வாக்கெடுப்பில்தான் அம்மக்கள் தம் விருப்பத்தைக் கூற முடிந்தது. 2025 அக்டோபரில் அதே தைமூர்-லெஸ்தே ஆசியானின் பதினோராவது உறுப்பாகச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே நாம் எழுத வேண்டும்.

அதற்காக, தலையிடுவோரெல்லாம் தர்மவான்கள் என்று கூறிவிடவும் இயலாது. கம்போடியாவில் 1975 முதல் கெமர் ரூஜ் ஆட்சி தன் மக்களையே பதினைந்து இலட்சத்துக்கும் மேலாகக் கொன்றும் பட்டினியிட்டும் அழித்தது. அண்டை நாடுகள் தலையிடவில்லை. 1978 டிசம்பர் இறுதியில் வியட்நாம் படையெடுத்து, 1979 ஜனவரி 7 அன்று தலைநகரைக் கைப்பற்றி அந்தக் கொலைக்களத்தை மூடியது. எரியும் வீட்டில் புகுந்து தீயணைத்த செயல் அது. ஆனால் அணைக்க வந்தவர் 1989 வரை வெளியேறவில்லை. ஆசியான் வியட்நாமைக் கண்டித்ததோடு நில்லாமல், ஐ.நா. சபையில் கம்போடியாவின் இருக்கை கெமர் ரூஜ் பக்கத்திடமே இருக்கவும் உழைத்தது. இதில் எவர் செய்தது அறம்? வியட்நாமின் நோக்கம் தூய்மையானதன்று; விளைவு பல உயிர்களைக் காத்தது. ஆசியானின் வாதம் சட்டப்படி சரி. அந்த வாதம் கொலைகாரர்களுக்கு நாற்காலி தந்தது. இரவு நெடுநேரம் எண்ணியும் இதற்கு ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு கூற நமக்கு வரவில்லை. படை அனுப்புவதற்கும் வாய்மூடி இருப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது, அந்த இடத்தில் நின்றவர் மிகச் சிலர் என்று மட்டும் கூற முடிகிறது.

ரோஹிங்கியா மக்களின் நிலைக்கு வருவோம். பர்மா என்று நாம் அழைத்துப் பழகிய மியான்மர் நமக்குத் தொலைதூர நாடன்று. ரங்கூனுக்குக் கப்பலேறிய பாட்டனார் இல்லாத கடற்கரை ஊர் நம் பக்கத்தில் அரிது. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது கால்நடையாகத் தப்பிய இந்தியர்களில் ஒரு பகுதியினர் அரக்கான் மலைவழியே அக்யாபை அடைந்து சிட்டகாங் சேர்ந்தார்கள். இன்று அகதிகளை உதிர்த்துக்கொண்டிருப்பது அதே அரக்கான்.

அங்கு வாழ்ந்த ரோஹிங்கியாக்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் 1978-இல் வங்கதேசத்துக்கு ஓடினர். 1991, 92-இல் மேலும் இரண்டரை இலட்சம் பேர் ஓடினர். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு ஓடியவர்கள் ஏழு இலட்சத்துக்கும் அதிகம். இடையில் 1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம், நாட்டின் மண்ணுக்குரிய இனங்களின் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராயினர். அந்தப் பர்மாவைத்தான் 1997 ஜூலையில் ஆசியான் தன் அவையில் சேர்த்துக்கொண்டது.

நம் மாணவரின் கேள்வியில் சிறு திருத்தம் ஒன்று உண்டு. 2015 மே மாதத்தில் தாய்லாந்தின் எல்லைக் காட்டில் ஆள்கடத்துவோரின் முகாமும் புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. கெடுபிடி தொடங்கியதும் கடத்தல்காரர்கள் ரோஹிங்கியாக்களையும் வங்கதேசத்தவரையும் அந்தமான் கடலில் படகுகளோடு கைவிட்டு ஓடினர். அப்போது தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியக் கடற்படைகள் அப்படகுகளைத் தம் கரையிலிருந்து திருப்பிவிட்டன. அதற்கு அவை கூறிய காரணம் எல்லைக்காவல். தலையிடாக் கொள்கை கைகொடுத்தது வேறோரிடத்தில்: அம்மக்கள் ஏன் ஓடிவந்தனர் என்று பேசாதிருப்பதற்கு. அவ்வாண்டு மே 29 அன்று பாங்காக்கில் இதற்கென்றே கூடிய கூட்டத்தின் அழைப்பிதழில் ரோஹிங்கியா என்ற சொல்லே இடம்பெறவில்லை. மியான்மர் அதை விரும்பவில்லை.

ஹுதைபிய்யாவிலும் ஒரு சொல் அழிக்கப்பட்டது. இறைத்தூதர் என்ற சொல்லைச் சுஹைல் மறுத்தபோது, அதை நீக்கித் தம் பெயரையும் தந்தையின் பெயரையும் மட்டும் எழுத நபிகளார் (ஸல்) இசைந்தார்கள். அமைதியின் பொருட்டு அங்கே விட்டுக்கொடுக்கப்பட்டது விட்டுக்கொடுத்தவரின் சொந்தப் பட்டம். பாங்காக்கில் விட்டுக்கொடுக்கப்பட்டதோ, அறையில் இல்லாத வேறொருவரின் பெயர்.

இங்கிருந்துதான் நமக்கு வழி புலப்படத் தொடங்கியது. அபூஜந்தலைத் திருப்பிக் கேட்டவர் அவருடைய தந்தை. இவன் எம்மவன், எம்மிடம் கொடு என்பதே குறைஷியரின் கோரிக்கை. அது கொடுமையான உரிமைதான்; ஆயினும் உரிமை கொண்டாடிய ஒருவர் இருந்தார். ரோஹிங்கியாப் படகை எம்மிடம் திருப்பித் தாருங்கள் என்று எந்த அரசு கேட்டது? அவர்கள் எம்மவர் அல்லர் என்று சட்டம் எழுதிய நாடு, அவர்களுக்கு நேர்வது எம் உள்வீட்டு விவகாரம் என்றும் கூறுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் அது கூற முடியும். என் பிள்ளை அல்ல என்று ஊர் நடுவே கைவிட்டவன், அப்பிள்ளையை அடிக்கும்போது மட்டும் தந்தைக்குரிய அதிகாரத்தை எப்படிக் கோருவான்? அவர்கள் அந்நாட்டவர் என்றால் அவர்களுக்கு அங்கே வீடு வேண்டும். அந்நாட்டவர் அல்லர் என்றால் அவர்கள் துன்பம் அந்நாட்டின் ‘உள்’ விவகாரம் ஆகாது. உடன்படிக்கையை மீறாமலேயே, அதன் சொல்லை நேராகப் படித்தே, பாலியில் கையெழுத்திட்டவர்கள் பேசியிருக்கலாம்.

சொல்லை நேராகப் படித்தல் என்பதற்கு ஹுதைபிய்யாவே சான்று தருகிறது. உடன்படிக்கைக்குப் பின் உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரலி) என்ற பெண்மணி மக்காவிலிருந்து தப்பி மதீனா வந்தார். சகோதரர்கள் இருவர் பின்தொடர்ந்து வந்து திருப்பிக் கேட்டனர். அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. அல்மும்தஹனா அத்தியாயத்தின் கட்டளை இது குறித்தே இறங்கியது. புகாரியில் வரும் ஓர் அறிவிப்பில் அந்நிபந்தனையின் வாசகம் ‘ரஜுல்’, அதாவது ஆண்மகன், என்ற சொல்லைக் கொண்டிருப்பதால் பெண்கள் அதில் அடங்கவே இல்லை என்று அறிஞருள் சிலர் கூறினர். வேறு சிலர் முன்பு பொதுவாக இருந்த நிபந்தனை பின்னர் வரையறுக்கப்பட்டது என்றனர். எம் ஆசிரியப் பெருந்தகை இவ்விரு கூற்றையும் ஒரு முழு முற்பகல் நடத்தியது நினைவுக்கு வருகிறது. அன்று அது நமக்கு இலக்கணச் சர்ச்சையாகத் தோன்றியது. ஒரு சொல்லின் எல்லை எதுவரை என்ற கேள்வியில் ஒரு பெண்ணின் உயிர் இருந்தது என்று உணர இத்தனை ஆண்டுகள் ஆயின.

திருப்பிவிடப்பட்ட படகுகளைக் கரைசேர்த்தவர் யார் என்பதையும் கூற வேண்டும். 2015 மே மாதத்தில் சுமத்திராவின் வடமுனையிலுள்ள ஆச்சே மாநிலத்து மீனவர்கள், படகுகளிலும் நீரிலும் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிவந்து லங்சா பகுதியில் சேர்த்தனர். கடலில் தத்தளிப்பவரை விட்டு வரலாகாது என்பது அங்குள்ள மீனவர் வழக்கு. அவ்வழக்கைக் காப்பதற்குப் ‘பங்லிமா லாவூத்’ என்ற கடல் தலைவர் முறையும் தொன்றுதொட்டு அங்கே உண்டு. மீனவர் செய்து காட்டிய பின்னரே, மே 20 அன்று புத்ராஜெயாவில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஓராண்டுக்குத் தற்காலிகப் புகலிடம் தர ஒப்பின. 2020 ஜூனிலும் வடக்கு ஆச்சேயின் லஞ்சோக் கிராமத்தார், அதிகாரிகள் தயங்கி நிற்கையில், தாமே படகை இழுத்துக் கரை சேர்த்தனர்.

ஆச்சே மக்களைப் புகழ்ந்து இத்துடன் முடித்தால் உண்மைக்குக் குறைவு செய்தவராவோம். 2023-இன் இறுதியில் படகுகள் அடுத்தடுத்து வந்தபோது அதே ஆச்சேயில் சில ஊரார் அவர்களை இறங்கவிடவில்லை. டிசம்பர் 27 அன்று பண்டா ஆச்சே நகரில் மாணவர் கூட்டமொன்று அகதிகள் தங்கியிருந்த மண்டபத்துள் புகுந்து, பெண்களும் குழந்தைகளும் அழ அழ அவர்களை வெளியேற்றியது. மனிதர் நெஞ்சின் ஈரமும் வற்றும்; எந்நேரமும் அதையே நம்பி இராதிருக்கத்தானே உடன்படிக்கை என்று ஒன்றை எழுதுகிறோம்! ஆனால் ஆசியான் நாடுகளில் அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்ந்தவை கம்போடியா, பிலிப்பைன்ஸ், தைமூர்-லெஸ்தே ஆகிய மூன்றே. நம் இந்தியாவும் அதில் சேரவில்லை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தாங்கி நிற்கும் வங்கதேசமும் சேரவில்லை. தாங்கும் வங்கதேசமோ ஆசியானின் உறுப்பு நாடே அன்று. வேலிக்குள் இருந்தவர் பேசாதிருந்ததன் சுமை, வேலிக்கு வெளியே இருந்த ஏழையின் தலையில் இறங்கியது.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் ஆசியான் தலைவர்கள் அந்நாட்டுத் தளபதியையும் வைத்துக்கொண்டு ஐந்து அம்சங்களில் உடன்பாடு கண்டனர். வன்முறையை உடனே நிறுத்துவது அவற்றில் முதலாவது. கொலைகள் நிற்கவில்லை. அக்டோபரில் நடந்த உச்சிமாநாட்டுக்குத் தளபதியை அழைக்காமல் விட்டனர். மிகச் சிறிய செயல்தான். எனினும் அந்த அவையின் வழக்கத்தை அறிந்தவர்க்கு அது பெரிய செயல்: முன்பு கூறிய அந்த நடுவிடத்தில் அவர்கள் ஓரடி எடுத்துவைத்தார்கள்.

ஹுதைபிய்யா நிபந்தனையின் முடிவும் பலர் பாடத்தில் விரைந்து கடந்துவிடும் ஒன்று. அபூபஸீர் (ரலி) என்பவர் மதீனா வந்து, அவரும் திருப்பி ஒப்படைக்கப்பட்டு, வழியில் தம் காவலருள் ஒருவரைக் கொன்று தப்பி, இரு தரப்பாரின் எல்லைக்கும் வெளியே செங்கடல் கரையில் போய்த் தங்கினார். மக்காவிலிருந்து தப்பியோர் ஒவ்வொருவராக அவரிடம் சேர்ந்தனர், அபூஜந்தலும் சேர்ந்தார். எங்கும் இடமில்லாதவர்களின் அக்கூட்டம் குறைஷியரின் வணிகக் கூட்டங்களைத் தாக்கத் தொடங்கியது. கடைசியில், அவர்களை நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள், அந்நிபந்தனை வேண்டாம் என்று கேட்டு ஆளனுப்பியவர்கள் குறைஷியரே. துரத்தப்பட்டவருக்கு ஓரிடம் தராத ஏற்பாடு, அதை வற்புறுத்தியவருக்கே அமைதி தரவில்லை. பிராந்தியப் பாதுகாப்பு பற்றிப் பேசும் இராஜதந்திரிகளின் மேசையில் இந்நிகழ்ச்சி இடம்பெறத் தக்கது.

நம் விடையில் ஓட்டை உண்டு என்பதை அறிவோம். தன் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டவர்களையே கொல்லும் ஆட்சியிடம் ‘உள்’ என்ற சொல்லைக் கொண்டு வாதாட முடியாது. அங்கே கம்போடியக் கேள்வி மீண்டும் எழுகிறது. அன்று எழுந்து நின்ற மாணவர் இப்போது கடலோர ஊரொன்றில் இமாமாகப் பணியாற்றுகிறார். இதழ் வந்ததும் ஒரு படி அவருக்கு அனுப்பவிருக்கிறோம். பின்வரிசையிலிருந்து இன்னொரு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கிறோம்.